இரு விமான நிலையங்களுக்கு இடையே: தூரம் ஒன்று, பறக்கும் நேரம் இரண்டு

லண்டனிலிருந்து நியூயார்க் போகும் விமானத்துக்கு அட்டவணையில் ஏறக்குறைய எட்டு மணி நேரம் போட்டிருப்பார்கள். அதே விமானம் நியூயார்க்கிலிருந்து லண்டன் திரும்ப ஏழு மணி நேரம் போதும். இடைப்பட்ட தூரம் ஒரு மீட்டர் கூட மாறவில்லை. புதிதாகக் கணக்குப் போடுகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்: தூரத்தைக் கண்டுபிடித்து, விமானத்தின் வேகத்தால் வகுத்து, வந்த விடையை இரண்டு திசைக்கும் பொதுவான நேரமாக எடுத்துக்கொள்கிறார்கள். தூரக் கணக்கு வேறு, நேரக் கணக்கு வேறு. முதலாவது வெறும் வடிவியல். யார் போட்டாலும் ஒரே விடை. இரண்டாவதில் திசை, மாதம், விமான வகை, வான்வெளி எல்லாம் கலந்திருக்கின்றன. இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

எந்த விமான நிலையம் என்பதை முதலில் உறுதி செய்யுங்கள்

ஊர்ப் பெயரை வைத்துக் கணக்கைத் தொடங்கக் கூடாது. லண்டன் என்றால் ஹீத்ரோவா, கேட்விக்கா, ஸ்டான்ஸ்டெட்டா, லூட்டனா? டோக்கியோ என்றால் ஹனேடாவா, நரிட்டாவா? டோக்கியோவின் இரண்டு நிலையங்களுக்கும் நடுவே சுமார் 60 கி.மீ. இருக்கிறது. நீண்ட பயணத்தில் இந்த வித்தியாசம் பெரிதில்லை. ஆனால் பெயர் ஒற்றுமை பெரிய ஆபத்து. ஆஸ்திரேலியாவில் ஒரு சிட்னி, கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஒரு சிட்னி. இங்கிலாந்தில் ஒரு பர்மிங்காம், அமெரிக்காவின் அலபாமாவில் இன்னொரு பர்மிங்காம். தேடும் பெட்டியில் பெயரைத் தட்டியதும் முதலில் வருவதைத் தேர்ந்தெடுத்தால் உலகத்தின் மறுபக்கத்துக்குத் தூரம் கணக்கிட்டிருப்பீர்கள்.

இதற்குத் தீர்வு குறியீடு. டிக்கெட்டிலும் பெட்டியில் ஒட்டும் சீட்டிலும் வருவது ஐ.ஏ.டி.ஏ. என்ற பன்னாட்டு விமான நிறுவனங்களின் அமைப்பு தரும் மூன்றெழுத்துக் குறியீடு: ஹீத்ரோவுக்கு எல்.எச்.ஆர்., நியூயார்க் கென்னடிக்கு ஜே.எஃப்.கே., சிங்கப்பூர் சாங்கிக்கு எஸ்.ஐ.என். விமானிகளும் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களும் பயன்படுத்துவது ஐ.சி.ஏ.ஓ. என்ற ஐ.நா. விமானப் போக்குவரத்து அமைப்பின் நான்கெழுத்துக் குறியீடு. ஹீத்ரோ அங்கே ஈ.ஜி.எல்.எல். இரண்டில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், ஊர்ப் பெயரை மட்டும் நம்பாதீர்கள். இன்னொன்று: லண்டன், நியூயார்க், டோக்கியோ போன்ற ஊர்களுக்கு எல்லா நிலையங்களையும் சேர்த்துக் குறிக்கும் நகரக் குறியீடும் உண்டு. விலை தேட அது உதவும். தூரம் கணக்கிட உதவாது.

அட்சரேகையும் தீர்க்கரேகையும்

நிலையம் உறுதியானதும் அதன் இருப்பிடத்தை எண்ணாக எழுத வேண்டும். பெரும்பாலான பட்டியல்கள் டிகிரி, நிமிடம், விநாடி என்று கொடுக்கும். கென்னடி நிலையத்தின் அட்சரேகை வடக்கு 40 டிகிரி 38 நிமிடம் 23 விநாடி. இதைத் தசமமாக்க நிமிடத்தை 60 ஆலும் விநாடியை 3600 ஆலும் வகுத்துக் கூட்ட வேண்டும்: 40 + 0.6333 + 0.0064 = 40.6397. அவசரத்தில் 40.38 என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு. அந்த ஒரு பிழையே நிலையத்தை 29 கி.மீ. தெற்கே கடலுக்குள் தள்ளிவிடும். இரண்டு தசம இடம் போதும். அதற்கு மேல் எழுதினால் அது ஓடுபாதையின் எந்த முனை என்ற அளவுக்குப் போய்விடும், நீண்ட பயணத்துக்கு அது தேவையில்லை.

குறிகளில் கவனம் வேண்டும். வடக்கும் கிழக்கும் கூட்டல், தெற்கும் மேற்கும் கழித்தல். அட்சரேகையை முதலில் எழுதுவது வழக்கம், ஆனால் சில வரைபட மென்பொருள்கள் தீர்க்கரேகையை முதலில் கேட்கும். ஒரு எளிய சோதனை: அட்சரேகை 90-ஐத் தாண்டாது. முதல் இடத்தில் 139.78 என்று வந்தால் வரிசை மாறியிருக்கிறது.

இரண்டு தீர்க்கரேகைகளின் வித்தியாசம் 180-ஐத் தாண்டினால் அதை 360-லிருந்து கழித்துக்கொள்ளுங்கள். டோக்கியோ ஹனேடா கிழக்கு 139.78, லாஸ் ஏஞ்சலஸ் மேற்கு 118.41. வித்தியாசம் 258.19. இது பூமியைச் சுற்றிக்கொண்டு போகிற நீண்ட வழி. 360-லிருந்து கழித்தால் 101.81, பசிபிக்கைக் கடக்கிற உண்மையான வித்தியாசம் அதுதான். சைன், கோசைன் போட்டுக் கணக்கிடும்போது சூத்திரமே இதைச் சரிசெய்துவிடும். வரைபடத்திலோ மனக்கணக்கிலோ செய்தால் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும்.

தட்டையான வரைபடத்தில் அளவுகோல் வைக்காதீர்கள்

சுவரில் மாட்டும் உலக வரைபடத்தில் டோக்கியோவும் லாஸ் ஏஞ்சலஸும் ஏறக்குறைய ஒரே கிடைக்கோட்டில் இருக்கும். அளவுகோலை வைத்தால் பசிபிக்கின் நடுவே நேர்க்கோடு விழும். விமானம் அந்த வழியில் போகாது. ஓர் உலக உருண்டையை எடுத்து, ஒரு நூலை டோக்கியோவில் ஒரு விரலாலும் லாஸ் ஏஞ்சலஸில் இன்னொரு விரலாலும் அழுத்தி இழுத்துப் பிடியுங்கள். தொய்வு போன கணத்தில் நூல் வடக்கே நகர்ந்து, அலாஸ்காவை ஒட்டிய அலூஷியன் தீவுகள் இருக்கும் பக்கமாக வளைந்து நிற்கும். கணக்கும் அதையே சொல்கிறது: புறப்படும் இடமும் சேரும் இடமும் வடக்கு 34, 35 டிகிரியில் இருக்க, நடுவழியில் பாதை வடக்கு 48 டிகிரி வரை ஏறுகிறது. ஒரே அட்சரேகையை ஒட்டிப் போனால் சுமார் 9,300 கி.மீ. வரும், வடக்கே வளைந்து போனால் 8,813 கி.மீ. ஏறக்குறைய 490 கி.மீ. மிச்சம். இந்தக் குறுகிய பாதைக்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். பூமியின் மையம் வழியாக வெட்டினால் மேற்பரப்பில் விழும் வட்டத்தின் ஒரு துண்டு அது.

தென்கோளத்தில் இந்த வளைவு தெற்கே போகும். சிட்னியும் சிலியின் சாண்டியாகோவும் தெற்கு 34 டிகிரியை ஒட்டியே இருக்கின்றன. இடையே 11,340 கி.மீ. பெருவட்டம் அண்டார்டிகா இருக்கும் திசையில் தெற்கு 62 டிகிரி வரை இறங்கிவிட்டுத் திரும்புகிறது.

பள்ளியில் படித்த பிதாகரஸ் விதியை டிகிரிகளுக்குப் போட்டுப் பார்க்கிறவர்களும் உண்டு. அது இங்கே பலிக்காது. அட்சரேகையில் ஒரு டிகிரி எங்கே அளந்தாலும் சுமார் 111 கி.மீ. தீர்க்கரேகையில் ஒரு டிகிரி நிலநடுக்கோட்டில் மட்டுமே 111. வடக்கு 60 டிகிரியில் அது சரிபாதியாகி 55.6 கி.மீ. ஆகிவிடும், துருவத்தில் பூச்சியம்.

தூரக் கணக்கு, படிப்படியாக

விரிதாளிலோ சைன், கோசைன் பொத்தான் உள்ள கணிப்பானிலோ இதைச் செய்யலாம். ஹேவர்சைன் என்ற முறையை லண்டன் ஹீத்ரோ – நியூயார்க் கென்னடி தடத்தில் போட்டுப் பார்ப்போம். ஹீத்ரோ: வடக்கு 51.47, மேற்கு 0.45. கென்னடி: வடக்கு 40.64, மேற்கு 73.78.

1. அட்சரேகை வித்தியாசம் 10.83. அதில் பாதி 5.415. இதன் சைனைக் கண்டு வர்க்கமாக்குங்கள்: 0.00891.

2. தீர்க்கரேகை வித்தியாசம் 73.33. அதில் பாதி 36.665. இதன் சைனின் வர்க்கம்: 0.35657.

3. இரண்டு அட்சரேகைகளின் கோசைன்களை (0.62293, 0.75882) பெருக்கி, அதை இரண்டாம் படியின் விடையோடு பெருக்குங்கள்: 0.16855.

4. முதல் படி விடையையும் மூன்றாம் படி விடையையும் கூட்டுங்கள்: 0.17746. வர்க்கமூலம் 0.42126.

5. இதன் தலைகீழ் சைன் 24.914 டிகிரி. இரண்டால் பெருக்கினால் 49.83 டிகிரி. பூமியின் மையத்திலிருந்து பார்த்தால் இரண்டு நிலையங்களுக்கும் நடுவே உள்ள கோணம் இது.

6. ஒரு டிகிரிக்கு 111.195 கி.மீ. என்று பெருக்குங்கள்: 5,540 கி.மீ. பூமியின் சராசரி ஆரம் 6,371 கி.மீ. என்று கொண்டால் கிடைக்கிற எண் இந்த 111.195.

விரிதாளில் செய்தால் ஒரு பொறி இருக்கிறது. அங்கே சைன், கோசைன் சார்புகள் டிகிரியை ஏற்பதில்லை, ரேடியன்தான் கேட்கும். ஒவ்வொரு கோணத்தையும் பை-யால் பெருக்கி 180-ஆல் வகுத்துவிட்டுத்தான் உள்ளே போட வேண்டும். மறந்துவிட்டால் பிழைச்செய்தி எதுவும் வராது. பொருளற்ற ஒரு தூரம் அமைதியாக வந்து உட்கார்ந்திருக்கும். கைக்கணிப்பானில் இதற்கு நேர்மாறு: டிகிரி முறையில் வைத்திருக்கிறோமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சைன் 30 போட்டுப் பாருங்கள், 0.5 வந்தால் டிகிரி.

விடை வந்ததும் ஒரு வரம்புச் சோதனை. பூமியின் மேல் எந்த இரண்டு இடத்துக்கும் நடுவே உள்ள குறுகிய தூரம் சுற்றளவில் பாதியைத் தாண்டாது. அது ஏறக்குறைய 20,015 கி.மீ. அதற்கு மேல் வந்தால் எங்கோ குறி மாறியிருக்கிறது, அல்லது நீண்ட வழியை எடுத்திருக்கிறீர்கள்.

உங்கள் விடைக்கும் இணையக் கணிப்பான்களின் விடைக்கும் சிறு வேறுபாடு இருக்கலாம். பூமி சரியான கோளம் இல்லை; நிலநடுக்கோட்டில் ஆரம் 6,378 கி.மீ., துருவத்தில் 6,357 கி.மீ. ஜி.பி.எஸ். பயன்படுத்தும் டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற நீள்வட்டக் கோள மாதிரியில் கணக்கிட்டால் லண்டன் – நியூயார்க் தூரம் சுமார் 15 கி.மீ. கூடும். கோளக் கணக்கின் பிழை பொதுவாக அரை சதவீதத்தைத் தாண்டாது. பயணத் திட்டத்துக்கு இதுவே தாராளம். வேறுபாடு அதைவிடப் பெரிதாக இருந்தால், அநேகமாக அலகுதான் மாறியிருக்கும். விமானத்துறை பயன்படுத்துவது கடல் மைல்: 1.852 கி.மீ. சாலையில் சொல்லும் மைல் 1.609 கி.மீ. லண்டன் – நியூயார்க் 2,992 கடல் மைல், அதுவே 3,443 சாதாரண மைல். வெறுமனே 'மைல்' என்று எழுதியிருப்பதை எந்த மைல் என்று கேட்காமல் மாற்றினால் 15 சதவீதம் பிழை வரும்.

விமானம் உண்மையில் பறக்கிற தூரம்

பெருவட்டத் தூரம் என்பது குறைந்தபட்சத் தூரம். விமானம் புறப்படும் ஓடுபாதையின் திசை வேறாக இருக்கும், சுற்றித் திரும்ப வேண்டும். நிர்ணயிக்கப்பட்ட வான்வழிப் புள்ளிகளைத் தொட்டுக்கொண்டு போக வேண்டும். இறங்கும் இடத்தில் வரிசையில் நிற்க வேண்டும். வழக்கமான நீண்ட பயணத்துக்கு 3 முதல் 5 சதவீதம் கூட்டிக்கொள்வது நியாயமான மதிப்பீடு.

சில தடங்களில் இது போதாது. 2022 பிப்ரவரிக்குப் பிறகு ரஷ்யாவின் வான்வெளி ஐரோப்பிய ஒன்றிய விமானங்களுக்கு மூடப்பட்டது. ஹெல்சிங்கி – டோக்கியோ பெருவட்டத் தூரம் 8,000 கி.மீட்டருக்கும் குறைவு, சைபீரியா வழியாக ஒன்பதரை மணி நேரத்தில் போய்க்கொண்டிருந்த விமானங்கள் வடதுருவம் பக்கமாகவோ தெற்கே சுற்றியோ போக வேண்டியதாகி, சுமார் 13 மணி நேரமாயிற்று. வரைபடத்தில் எதுவும் மாறவில்லை, பயணம் மூன்றரை மணி நேரம் நீண்டுவிட்டது. ஆகவே பெருவட்டப் பாதையை வரைந்து, அது எந்தெந்த நாடுகளுக்கு மேலே போகிறது என்று ஒருமுறை பாருங்கள். மூடிய வான்வெளியோ போர்ப் பகுதியோ குறுக்கிட்டால் கூட்டல் சதவீதத்தை நம்பாமல் நடப்பு அட்டவணையைப் பார்த்துவிடுவதே நல்லது.

இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. இரட்டை எஞ்சின் விமானம், ஓர் எஞ்சின் நின்றால் குறிப்பிட்ட நேரத்துக்குள் இறங்க ஒரு நிலையம் கிடைக்கும்படியே பாதையை வைத்துக்கொள்ள வேண்டும். தென் பெருங்கடல் போல இறங்க இடமில்லாத பகுதிகளில் இந்த விதி பாதையை வளைக்கும். திபெத் பீடபூமி வேறு வகை: கேபின் அழுத்தம் போனால் விமானம் 10,000 அடிக்கு இறங்க வேண்டும், அங்கே தரையே அதைவிட உயரம். அதனால் பல பாதைகள் அதைச் சுற்றியே போகின்றன.

நேரம்: முதலில் ஒரு துரிதக் கணக்கு

நீண்ட தூர அகல விமானங்கள் (போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்றவை) மாக் 0.85 அளவில் பறக்கும். அதாவது ஒலியின் வேகத்தில் 85 சதவீதம். 36,000 அடிக்கு மேல் காற்று மைனஸ் 56 டிகிரி அளவுக்குக் குளிர்ந்திருக்கும். அந்தக் குளிரில் ஒலியின் வேகமே மணிக்கு 1,062 கி.மீ.தான். 85 சதவீதம் என்றால் சுமார் 900 கி.மீ. ஏ320, போயிங் 737 வகையினர் மாக் 0.78 அளவில், மணிக்கு 830 கி.மீ. பக்கம் போவார்கள்.

இந்த 900-ஆல் தூரத்தை அப்படியே வகுக்கக் கூடாது. ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு. 10,000 அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட் (மணிக்கு 250 கடல் மைல்) வரம்பு உண்டு. அதோடு டிக்கெட்டில் போடும் நேரம், விமானம் நிற்குமிடத்திலிருந்து நகர்ந்த கணத்திலிருந்து மறுமுனையில் நிற்குமிடத்தில் வந்து நின்ற கணம் வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்துபோவது, முறைக்காகக் காத்திருப்பது, இறங்கிய பின் ஊர்ந்துவருவது எல்லாம் அதில் அடக்கம். நெரிசலான நிலையத்தில் புறப்படும் முன் ஊர்வதற்கு மட்டும் 20 நிமிடமும் அதற்கு மேலும் போகும்.

எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கைவிதி: பெருவட்டத் தூரத்தை 850-ஆல் வகுத்து 45 நிமிடம் கூட்டுங்கள். சிறிய விமானமானால் 850-க்குப் பதில் 780. லண்டன் – நியூயார்க்குக்கு இது ஏழே கால் மணி நேரம் தரும். டோக்கியோ – லாஸ் ஏஞ்சலஸுக்குப் பதினொரு மணி நேரம். இந்த விடை போகிற நேரமும் இல்லை, வருகிற நேரமும் இல்லை. காற்றே இல்லாத வானத்துக்கான நேரம். அடுத்த படியைச் செய்யாமல் இதை யாருக்கும் சொல்லாதீர்கள்.

காற்றைச் சேர்ப்பது

விமானம் 900 கி.மீ. வேகத்தில் போகிறது என்றால் அது சுற்றியுள்ள காற்றைப் பொறுத்த வேகம். அந்தக் காற்றே நகர்ந்துகொண்டிருந்தால், தரையைப் பொறுத்த வேகம் கூடும் அல்லது குறையும். நடு அட்சரேகைகளில், விமானங்கள் பறக்கும் உயரத்தில், ஜெட் ஸ்ட்ரீம் என்ற குறுகலான வேகக் காற்று மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிறது. மணிக்கு 100, 150 கி.மீ. சாதாரணம், குளிர்காலத்தில் சில நாள்கள் 300-ஐயும் தாண்டும். 2020 பிப்ரவரியில் புயல் காலத்து ஜெட் ஸ்ட்ரீமில் ஏறிய ஒரு போயிங் 747, நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. விமானம் ஒலியின் வேகத்தைத் தாண்டவில்லை, காற்று தூக்கிக்கொண்டு வந்தது.

கணக்கில் சேர்ப்பது இப்படி. டோக்கியோ – லாஸ் ஏஞ்சலஸ் 8,813 கி.மீ., பாதை வளைவுக்கு 3 சதவீதம் கூட்டினால் 9,077. கிழக்கே போகும்போது 100 கி.மீ. பின்காற்று: 9,077-ஐ 1,000-ஆல் வகுத்தால் 9.1 மணி, தரை ஊர்தலும் ஏற்ற இறக்கமுமாக 40 நிமிடம் சேர்த்தால் ஒன்பதே முக்கால். மேற்கே திரும்பும்போது 100 கி.மீ. எதிர்க்காற்று: 800-ஆல் வகுத்தால் 11.35, சேர்த்தால் பன்னிரண்டு மணி. அட்டவணைகளில் நீங்கள் பார்ப்பதும் போக ஏறக்குறைய பத்து, வர பதினொன்றரை முதல் பன்னிரண்டு.

இங்கே நின்று ஒன்றைக் கவனியுங்கள். காற்றில்லாமல் பறக்கும் நேரம் 10.1 மணி. பின்காற்று ஒரு மணி நேரம் மிச்சப்படுத்தியது; அதே அளவு எதிர்க்காற்று ஒன்றே கால் மணிக்கு மேல் தின்றது. இழப்பு எப்போதும் லாபத்தைவிடப் பெரிது, ஏனென்றால் எதிர்க்காற்றில் விமானம் அதிக நேரம் இருக்கிறது. போக வர இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் காற்று ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும் என்று நினைப்பது தவறு.

கையில் காற்றுத் தகவல் இல்லாவிட்டால்: நடு அட்சரேகையில் கிழக்கு நோக்கிய பயணத்துக்குத் துரிதக் கணக்கில் 5 முதல் 10 சதவீதம் கழியுங்கள், மேற்கு நோக்கியதற்கு அதே அளவு கூட்டுங்கள். குளிர்காலத்தில் பெரிய எண்ணை எடுங்கள். வடக்கு – தெற்காகப் போகும் தடங்களிலும் நிலநடுக்கோட்டை ஒட்டிய தடங்களிலும் இந்தத் திருத்தம் தேவைப்படாது.

வட அட்லாண்டிக்கில் பாதைகளே காற்றைப் பார்த்து அமைகின்றன. கனடாவின் கேண்டர், அயர்லாந்து – பிரிட்டன் பக்கத்து ஷான்விக் ஆகிய வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையங்கள் ஒவ்வொரு நாளும் தடங்களைப் புதிதாக வகுக்கின்றன. கிழக்கே போகிறவை ஜெட் ஸ்ட்ரீமைப் பிடித்துக்கொள்ளும்படியும், மேற்கே போகிறவை அதைத் தவிர்க்கும்படியும். ஆகவே நேற்றைய விமானம் பறந்த கோடு இன்றைக்குப் பொருந்தாது.

சிங்கப்பூர் – நியூயார்க் இதில் தனி வகை. பெருவட்டத் தூரம் சுமார் 15,340 கி.மீ. தீர்க்கரேகை வித்தியாசம் 177.77 டிகிரி, அதாவது ஏறக்குறைய பூமியின் எதிர்ப்பக்கம். அதனால் குறுகிய பாதை வடதுருவத்துக்கு 280 கி.மீ. அருகில் போகிறது. விமானங்கள் அப்படிப் போவது குறைவு. சிங்கப்பூரிலிருந்து பசிபிக்கைக் கடந்து கிழக்கே போகிறார்கள். திரும்பும்போது பல நாள்களில் அட்லாண்டிக்கையும் ஐரோப்பாவையும் கடந்து மறுபடியும் கிழக்கே போகிறார்கள். இரண்டு முறையும் பின்காற்று. பறக்கும் தூரம் 16,000 கி.மீட்டரைத் தாண்டினாலும் நேரம் மிச்சமாகிறது. இரு திசைக்கும் அட்டவணை நேரம் பதினெட்டே முக்கால் மணியை ஒட்டியே இருக்கிறது. எதிர்ப்பக்க நிலையங்களுக்குப் பயணம் கணக்கிடும்போது 'கிழக்கே கழி, மேற்கே கூட்டு' விதியை வைக்காதீர்கள்.

டிக்கெட்டிலிருந்து பயண நேரத்தை எடுப்பது

டிக்கெட்டில் உள்ள இரண்டு நேரமும் அந்தந்த ஊரின் நேரம். ஒன்றிலிருந்து ஒன்றை நேரடியாகக் கழித்தால் அபத்தமான விடை வரும். இரண்டையும் யூ.டி.சி. என்ற உலகப் பொது நேரத்துக்கு மாற்றிவிட்டுக் கழியுங்கள்.

ஜூலை 10 மாலை 5.00 மணிக்கு டோக்கியோவில் ஏறி, அதே ஜூலை 10 காலை 11.00 மணிக்கு லாஸ் ஏஞ்சலஸில் இறங்குவதாக டிக்கெட் சொல்கிறது என்று வையுங்கள். ஏறுவதற்கு ஆறு மணி நேரம் முன்பே இறங்கியது போலத் தெரியும். டோக்கியோ யூ.டி.சி.யைவிட 9 மணி முன்னால்: 17.00 கழித்தல் 9, அதாவது 08.00. லாஸ் ஏஞ்சலஸ் கோடையில் 7 மணி பின்னால்: 11.00 கூட்டல் 7, அதாவது 18.00. பயணம் 10 மணி நேரம். திரும்பும்போது தேதிக் கோடு ஒரு நாளைத் தின்னும்: 10-ஆம் தேதி பகல் 1.00 மணிக்கு ஏறினால் 11-ஆம் தேதி மாலை 4.30-க்கு இறங்குவீர்கள், யூ.டி.சி.யில் 10-ஆம் தேதி 20.00-இலிருந்து 11-ஆம் தேதி 07.30 வரை, பதினொன்றரை மணி. டிக்கெட்டில் இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக '+1' என்று இருப்பது இதற்காகத்தான். அதைக் கவனிக்காமல் விடுதி அறையை ஒரு நாள் முன்னதாகப் பதிவு செய்துவிடுகிறவர்கள் பலர்.

கோடைக்கால நேர மாற்றத்தில்தான் அடிக்கடி ஒரு மணி நேரம் தவறுகிறது. அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை முன்னே தள்ளுகிறது. ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறன்று. இடைப்பட்ட வாரங்களில் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் வித்தியாசம் வழக்கமான ஐந்து இல்லை, நான்கு மணி. அக்டோபர் கடைசி ஞாயிறுக்கும் நவம்பர் முதல் ஞாயிறுக்கும் நடுவிலும் அப்படியே. ஜப்பான், சிங்கப்பூர், இந்தியா கடிகாரத்தை மாற்றுவதே இல்லை. இந்தியாவுக்கு ஐந்தரை, நேபாளத்துக்கு ஐந்தே முக்கால் என்று அரை, முக்கால் மணி வரும் நாடுகளையும் முழு மணியாக வட்டமாக்கிவிடாதீர்கள்.

கிடைத்த நேரம் சரியா என்று பார்க்க ஒரு வழி: அதிலிருந்து 45 நிமிடத்தைக் கழித்துவிட்டுப் பெருவட்டத் தூரத்தை அதனால் வகுங்கள். விடை மணிக்கு 750 முதல் 1,000 கி.மீ.க்குள் வந்தால் நம்பலாம். 1,100 வந்தால் நேர மண்டலத்திலோ கோடைக்கால நேரத்திலோ தவறு. 650-க்குக் கீழே வந்தால் வழியில் ஒரு நிறுத்தம் ஒளிந்திருக்கலாம், அல்லது ஹெல்சிங்கி – டோக்கியோ போல வான்வெளியைச் சுற்றிக்கொண்டு போகிறது. நேரடி விமானம் என்று போட்டிருந்தாலும் நடுவில் ஒருமுறை இறங்கி ஏறும் சேவைகள் இருக்கின்றன. இறங்காமல் போவது வேறு. பதிவு செய்யும் முன் நிறுத்தங்களின் எண்ணிக்கையைப் பாருங்கள்.

இணைப்பு விமானங்கள்

ஒவ்வொரு பகுதிக்கும் தனியாகத் தூரமும் நேரமும் கணக்கிட்டுக் கூட்டுங்கள், நடுவில் காத்திருக்கும் நேரத்தைச் சேருங்கள். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஓர் ஏற்றம், ஓர் இறக்கம், இரண்டு ஊர்தல் கூடும் என்பதால் தூரம் அதிகமாகாவிட்டாலும் முக்கால் மணி நேரம் கூடிவிடும். இணைப்பு ஊர் பெருவட்டத்தின் மேல் இருக்கிறதா என்று உருண்டையில் நூல் பிடித்துப் பாருங்கள். தட்டையான வரைபடத்தில் விலகித் தெரியும் ஊர் பல சமயம் சரியாக வழியிலேயே இருக்கும்.

பறந்துகொண்டிருக்கும்போது

இருக்கைக்கு முன்னால் உள்ள திரையில் தரை வேகம், உயரம், வெளி வெப்பநிலை மூன்றும் ஓடிக்கொண்டிருக்கும். இவை மூன்றும் போதும், காற்றை நீங்களே கணக்கிடலாம். வெளி வெப்பநிலை மைனஸ் 54 என்று காட்டினால் அதோடு 273 கூட்டுங்கள்: 219. வர்க்கமூலம் 14.8. அதை 72.2-ஆல் பெருக்கினால் அந்த உயரத்தில் ஒலியின் வேகம்: மணிக்கு சுமார் 1,068 கி.மீ. விமானம் 787 என்றால் அதில் 85 சதவீதம், 908. திரையில் தரை வேகம் 1,010 என்று இருந்தால் ஏறக்குறைய 100 கி.மீ. பின்காற்று தள்ளுகிறது, 790 என்று இருந்தால் 120 கி.மீ. எதிர்க்காற்று. சமநிலைக்கு வந்த பிறகு, அதாவது உயரம் மாறாமல் இருக்கும்போது எடுத்தால்தான் இது சரியாக வரும். ஏறும்போது வேகமும் வெப்பநிலையும் ஒவ்வொரு நிமிடமும் மாறிக்கொண்டிருக்கும்.

அதே திரையில் 'சேர இன்னும் இவ்வளவு நேரம்' என்று வருவது ஓடுபாதையைத் தொடும் நேரம் வரைக்கும்தான். வெளியே யாராவது காத்திருந்தால், அதன் பிறகு ஊர்ந்து நிற்குமிடம் சேர 5 முதல் 15 நிமிடம், குடிநுழைவு, பெட்டி எடுக்க ஆகும் நேரம் எல்லாவற்றையும் கூட்டித்தான் அவர்களுக்கு நேரம் சொல்ல வேண்டும்.